மிச்சக் குளோரின்

ஃபஹாஹீலில் ஆகஸ்டு மாதம்
குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும்.
மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் காய்ந்து
நேராகக் கீழே இறங்குகிறது.
மே மாதமே ஹீட்டரை அணைத்துவிடுவோம்.
அதன்பிறகு சிவப்புப் புள்ளி வைத்த குழாயில்தான்
ஆறின தண்ணீர் வரும்.
புதிதாக வந்தவன் இதை
முதுகால்தான் கற்றுக்கொள்வான்.

மீன்தொட்டி வாங்கியது ஒரு வெள்ளிக்கிழமை.
கனடாவுக்குக் கிளம்பிய கோவாக்காரக் குடும்பம்
பம்ப், விளக்கு, கூழாங்கல் எல்லாம் சேர்த்து
ஏழு தினாருக்குத் தந்தது.
மீன் கடையில். கப்பி, ஆறு.
கொளத்தூர்ச் சரக்கு, விமானத்தில் வந்தது என்றார் கடைக்காரர்.
நான் பெரம்பூர், அதே விமானம்தான் என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்புப் புள்ளிக் குழாயில் பிடித்து நிரப்பினேன்.
விரல் விட்டுப் பார்த்தேன், சூடு சரி.
விடியற்காலை நான்கு மணிக்கு
ஆறும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
கீழே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது.
திரும்பி வந்தபோது ஒன்று மட்டும்
வடிகட்டியின் பின்னால் ஒதுங்கி நின்றது.

சொல்ல வெட்கம்தான்:
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
குளோரின் போடுகிறவனே நான்.
மணிக்கொரு முறை மாதிரி எடுத்து
நிறம் பார்த்து
'மிச்சக் குளோரின் 0.3' என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்,
பன்னிரண்டு வருடமாக.
அந்த மிச்சம் யார் வீட்டில் என்ன செய்கிறது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
நமக்கு அது தொண்டையோடு சரி.
அவற்றுக்கு மூச்சு.

இப்போதெல்லாம் முந்தின நாளே
அகலவாய் வாளியில் பிடித்து வைக்கிறேன், மூடாமல்.
உள்ளே ஒரு காற்றுக்கல்
இரவு முழுக்கக் குமிழி விடும்.
எங்கள் ஆலையில் அம்மோனியா கலப்பதில்லை, அதனால் இது போதும்.
கலக்கிற ஊரில் இப்படி வைத்தால் போகாது,
சொட்டுமருந்துதான்.
மாற்றுவது நாலில் ஒரு பங்கு, அதுவும்
தொட்டியும் வாளியும் வெப்பமானியில்
ஒரே கோட்டைத் தொட்ட பிறகு.

உப்பை எடுக்கும்போது சுண்ணாம்பும் போய்விடுகிறது.
ஆலையில் திருப்பிப் போடுகிறோம், கொஞ்சம்.
கடற்கரையில் பொறுக்கிய காலிச் சிப்பிகளை
வேகவைத்து, உடைத்து, பழைய காலுறையில் முடிந்து
தொட்டி மூலையில் போட்டிருக்கிறேன்.
கடலை எடுத்துவிட்ட தண்ணீருக்கு
ஒரு கைப்பிடிக் கடல்.

போன வாரம் நைட் டூட்டி முடித்து வந்த தவசிமுத்து
விளக்குப் போடாமல் குளியலறைக்குள் போய்
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.
காற்றுக்கல் குழாயோடு தோளில் தொங்கியது.
மீனுக்கு வைத்ததடா என்று கத்தினேன்.
துவட்டியபடியே நின்று யோசித்தான்.
குவைத்துக்கு வந்த நாளிலிருந்து
வழுக்கைக்குத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறான்,
அதாவது என்னை.
'இன்னைக்கு சீப்புல நாலு முடிதான்' என்றான்.
எண்ணியிருக்கிறான்.

உன் அப்பா போட்டோவைப் பார் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

இப்போது குளியலறையில் இரண்டு வாளி.
ஒன்றில் மார்க்கரால் மீன் வரைந்திருக்கிறது,
இன்னொன்றில் சீப்பு.
இரவில் இரண்டும் வாய் திறந்து கிடக்க
பகலில் நான் போட்டது
ஆளில்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

காலையில் ஆலையில்
மாதிரிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன்.
இளஞ்சிவப்பு.
பிழைத்த கப்பியின் வால் இந்த நிறம்தான்.
0.3 என்று எழுதுகிறேன்.